குளிர்காலத்தில் வரும் என்றேன்

"ஹவா ஆயேகா?" என்று பெரியவர் கேட்டார். வரவேற்பறையின் மூலையில், பர்ஜீல் எனும் காற்றுக் கோபுரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, தூறல் விழுகிறதா என்று பார்ப்பவரைப் போல வலது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்திருந்தார். கேள்வி விளங்கவில்லை என்று நழுவவும் வழியில்லை; காற்றுக்கு அரபியிலும் ஹவாதான், இந்தியிலும் ஹவாதான். "சர்தி மே ஆயேகா, பாபா" என்றேன். குளிர்காலத்தில் வரும். அவர் கையைத் தாழ்த்தி, என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் நாங்கள் பர்ஜீலின் வாயைப் பலகை வைத்து அடைத்துவிடுவோமே என்றார். பிறகு கந்தூரா என்ற நீள அங்கியின் ஓரத்தைச் சிமெண்டுத் தூசி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தின் பக்கம் போய்விட்டார்.

அவர் கை விரித்த இடத்துக்கு நேர் மேலே ஒரு மரச்சல்லடை இருந்தது. சல்லடைக்குப் பின்னால் ஜிப்சம் பலகை. அதற்கு மேலே ஏசி குழாய்கள். அவற்றுக்கும் மேலே, பதினொரு மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில், கான்கிரீட் தளம். வெளியே நான்கு பக்கமும் தெரிந்த நீண்ட வாய்களுக்குள் பூச்சு பூசிய சுவர்தான் இருந்தது. சல்லடைக்குப் பின்னால் ஆழம் இருப்பதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காக ஜிப்சம் பலகைக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தோம். அந்தக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தவன், வீட்டை வரைந்த கட்டடக்கலைஞன், நான்தான்.

தொழில்முறையில் அது சரியான முடிவு என்பதை இன்றைக்கும் என்னால் வாதிட முடியும். துபாய் அல் ஃபாஹிதியில் இன்று நாம் பார்க்கும் பர்ஜீல்களுக்குள் இரண்டு சுவர்கள் பெருக்கல் குறிபோல் குறுக்கே ஓடி, கோபுரத்தை நான்கு முக்கோணக் குழல்களாகப் பிரிக்கின்றன. காற்றை எதிர்கொள்ளும் குழல் அதைக் கீழே தள்ளும். எதிர்ப்பக்கத்துக் குழல் அறையின் வெப்பக்காற்றை மேலே இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் அது அறையைப் பெரிதாகக் குளிர்விப்பதில்லை. வியர்த்த உடம்பின்மேல் காற்றை ஓடவிடுகிறது, அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த மனிதர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஏசியில் இருபத்து நான்கு டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் ஓர் அறைக்குள் அபுதாபியின் ஆகஸ்ட் மாத இரவுக் காற்றைத் திறந்துவிட்டால், சுவரெல்லாம் நீர்கோத்து, சில வாரங்களில் பூஞ்சணம் படர்ந்துவிடும். 2010இல் வந்த, கட்டடத்தின் பசுமைத் தரத்தை முத்துகளால் அளக்கும் அபுதாபியின் எஸ்திதாமா விதிகளின்படி புதிய வில்லா எதுவும் குறைந்தது ஒரு முத்து மதிப்பீடாவது பெற்றாக வேண்டும். அதற்காகச் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்புக் கணக்கெல்லாம் போட்டுவிட்டு, நட்டநடுவே ஓர் ஓட்டையை விடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

ஆனால் என் முதல் வரைபடத்தில் ஓட்டை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கோபுரத்தின் வாய்களில் திறந்து மூடும் தகடுகளை வரைந்திருந்தேன்; நவம்பரிலிருந்து மார்ச் வரை, ஏசி தேவைப்படாத நாட்களில், அவற்றைத் திறந்துவைக்கலாம் என்பது எண்ணம். ஆகவே குளிர்காலத்தில் வரும் என்று நான் சொன்னது முழுப் பொய்யல்ல. முன்பொரு வரைபடத்தில் அது உண்மை. பெரியவர் கேட்டபோது அந்த வரைபடம் கழிக்கப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன என்பதுதான் விஷயம்.

செலவைக் குறைப்பதற்கான கூட்டத்தில் அது கழிக்கப்பட்டது. தகடுகள், அவற்றுக்கான மோட்டார்கள், பூச்சிவலை, மணல் வடிகட்டி என்று ஒப்பந்தக்காரர் வரிசையாக விலை சொன்னார். வீட்டு உரிமையாளர், பெரியவரின் மகன், அபுதாபியிலுள்ள மஸ்தார் நகரத்துக் காற்றுக் கோபுரத்தின் படத்தைக் கைபேசியில் காட்டி, எனக்குக் கோபுரம் தெரிய வேண்டும், அது போதும் என்றார். அந்த 45 மீட்டர் கோபுரம் திறந்தவெளி முற்றத்துக்குக் காற்றை இறக்குகிறது, உச்சியிலுள்ள தகடுகள் காற்று வரும் திசை பார்த்துத் திறந்து மூடுகின்றன என்று விளக்க வாயெடுத்தேன். என் மேலாளர் மேசைக்கடியில் என் காலைத் தட்டினார். பிறகு, தகடா, நடு முற்றமா, இரண்டில் எது போகலாம் என்று என்னிடமே கேட்டார்கள். முற்றம் இருக்கட்டும் என்றேன்.

அந்தத் தேர்வில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஐந்துக்கு ஆறு மீட்டர் தரை, சுற்றிலும் ஏழரை மீட்டர் சுவர். அகலத்தைவிட உயரம் மிகுதி என்பதால் நண்பகல் நேரம் தவிர மற்ற பொழுதுகளில் தரையின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும். பகலெல்லாம் சூடேறிய தளம் இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாக அடியில் தங்கி, காலையில் வெகுநேரம் வரை அங்கேயே கிடக்கும். வெளிச்சுவரில் சிறிய சன்னல்கள், முற்றத்தைப் பார்த்துப் பெரிய சன்னல்கள். ஹோஷ் எனப்படும் நடு முற்றம் கொண்ட பழைய வீடுகளின் சாரம் அதுதான், கோபுரம் அதன் தலைப்பாகை மட்டும்தான் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களில் புதிய குர்னா கிராமத்தை மண்செங்கல்லாலும் குவிமாடங்களாலும் எழுப்பியபோது, குவிமாடம் கல்லறைக்கு உரியது என்று ஊர்மக்கள் முகம் சுளித்ததாகக் கல்லூரியில் படித்திருக்கிறோம். கட்டடக்கலைஞன் மரபை விரும்பினான், மக்கள் விரும்பவில்லை. என் அனுபவம் நேர்மாறானது. இங்கே எல்லோருக்கும் பர்ஜீல் வேண்டும், மஷ்ரபியா என்ற மரச்சல்லடைச் சன்னல் வேண்டும். காற்றைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரே ஒருவர் கேட்டார், அவருக்குத்தான் நான் அப்படி ஒரு பதிலைச் சொன்னேன்.

வீட்டை ஒப்படைத்து ஓராண்டு கழித்துக் குறைகளைச் சரிபார்க்கப் போனபோது முற்றத்தின்மேல் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். மணல் விழுகிறது, தினமும் இரண்டு முறை பெருக்க வேண்டியிருக்கிறது என்றார் மகன். கண்ணாடி போட்டால் வெயில் உள்ளே சிக்கிக்கொள்ளும் அல்லவா, அதனால் அங்கேயும் இரண்டு ஏசி. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; பெருக்குவது நானில்லையே. ஆனால் தகடுகளைக் கொடுத்து முற்றத்தை வாங்கினேன் என்ற என் கணக்கு அன்றோடு முடிந்துபோயிற்று. கணக்குச் சரியாக இருந்திருந்தால் அந்தப் பொய் எனக்கு உறுத்தியிருக்காதோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. அப்படியானால் உறுத்துவது பொய்யா, தோல்வியா?

"இது கண்ணுக்கு மட்டும்தான், பாபா" என்று சொல்லியிருக்கலாம். மகன் மூன்று எட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தார். அவர் தன் தந்தையிடம் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, அதை உடைப்பது என் வேலையா என்று அந்த நொடியில் நினைத்தேன். இல்லை, அந்த நொடியில் எதையும் நினைக்கவில்லை. இதெல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்டது. பெரியவர் அதற்குச் சற்று முன்புதான் தன் சிறுவயது வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். துபாய் கடற்கழியோரத்தில் பேரீச்ச ஓலை வேய்ந்த அரீஷ் வீடு. பவளக்கல் வீடெல்லாம் வணிகர்களுக்கு. அவர்கள் வீட்டு பர்ஜீல் நான்கு கம்புகளில் கட்டிய சாக்குத்துணி. அதற்கடியில்தான் கோடை மதியங்களில் பாய் விரித்துத் தூங்குவார்களாம். சாக்குத்துணியில் வந்த காற்று கான்கிரீட்டில் வராது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்குமோ, என்னைச் சோதிக்கத்தான் கேட்டாரோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பலகை வைத்து அடைத்த கதையை அவர் நினைவாகச் சொன்னாரா, பதிலாகச் சொன்னாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

போன மாதம் வேறொரு வில்லாவின் வரைபடத்தில் பர்ஜீல் என்று எழுதியிருந்ததை அழித்து அலங்காரக் கோபுரம் என்று மாற்றினேன். வாடிக்கையாளர் கேட்டது பர்ஜீல்தான், அப்படியே போடுங்கள் என்று மேலாளர் திருப்பி அனுப்பினார். மாற்றிவிட்டேன். சல்லடைக்குப் பின்னால் உள்ள பலகைக்கு மட்டும் கறுப்பு வேண்டாம், வெள்ளை என்று குறிப்பில் எழுதினேன். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.