மல்லிப்பட்டினக் கடலில் என் பாய்ப்படகுக்குக் கருவி பார்த்த அனுபவம்

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அதைத் தாண்டினால் கடல்தான். என் படகு 18 அடி ஃபைபர், ஒற்றைப் பாய். மல்லிப்பட்டினத்தில் கட்டியிருக்கிறேன். படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியில் இறக்கும் நடுப்பலகையை இறக்கினால் ஒரு மீட்டர் தண்ணீர் வேண்டும். தூக்கிவிட்டால் ஒரு முழத்துக்கும் குறைவாகவே போதும். ஆழம், வேகம், காற்று மூன்றையும் காட்டும் செட்டை விசாரித்தேன். பாய்மர உச்சி சென்சாரோடு சேர்த்து, படகு வாங்கின விலையில் பாதி கேட்டார்கள்.

பக்கத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, காத்த மூஞ்சியே சொல்லிடும். தரையத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். எனக்கு வழி தெரிந்தது அப்போதுதான். பாக் விரிகுடாவின் இந்தப் பக்கம் வெகுதூரம் போனாலும் சில மீட்டர்தான் ஆழம். அடியில் சேறு, இடையிடையே கடற்புல். கடற்பசுவுக்காக 2022-இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் இந்தக் கடலில்தான் இருக்கிறது. அந்தப் பிராணிக்கு இந்தப் புல்தான் சாப்பாடு. அதை என் பலகை உழுதுகொண்டு போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. பணத்தை முதலில் ஆழத்துக்கே போடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது ஜிபிஎஸ்ஸும் சேர்ந்த சின்ன எக்கோ சவுண்டர். ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழம் சொல்லும் கருவி; மீன் பார்க்க வைக்கிறார்களே, அதுதான். கால் ஆம்பியர் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கிறது. 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பகலுக்குத் தாராளம்.

படகின் அடியில் ஓட்டை போட மனசு வரவில்லை. கெட்டியான ஃபைபராக இருந்தால் ஒலி அதன் ஊடே போய்விடும். நடுவில் மரமோ நுரையோ இருந்தால் போகாது. ஒட்டுவதற்கு முன்னால் சோதிப்பது சுலபம். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி உள்பக்கத் தரையில் வைத்து, சென்சாரை அந்தப் பைக்குள் அழுத்திப் பிடித்தேன். திரையில் 1.4 மீட்டர் வந்தது. மூங்கில் கழியை இறக்கிப் பார்த்தால் 1.6. சென்சார் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருப்பதால் வரும் வித்தியாசம் அது. அமைப்பில் 0.2 கூட்டியதும் சரியாகிவிட்டது.

ஒட்டும்போதுதான் சோதனை. அவசரத்தில் சீக்கிரம் இறுகும் எபாக்சிப் பசையைப் போட்டேன். உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டது. திரையில் ஆழமே வரவில்லை. உளியால் மெல்லப் பெயர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் எபாக்சியை ஊற்றி, சென்சாரைத் திருகித் திருகி அழுத்தினேன். குமிழிகள் ஓரத்தில் ஒவ்வொன்றாக வந்து உடைவதைப் பார்த்த பிறகே கையை எடுத்தேன். இப்போது நன்றாகக் காட்டுகிறது. அடர்ந்த புல் மேல் போகும்போது மட்டும் புல்லின் தலையையே தரை என்று காட்டிவிடும். அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நான் அதை நம்புவதில்லை, கழிதான்.

வேகத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. அடியில் சுழலும் சக்கரம் வைத்தால் கொட்டலசும் (படகடியில் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சிறு உயிர்) பாசியும் பிடித்து நின்றுவிடும். ஜிபிஎஸ் வேகம் போதும், ஆனால் அது தரையை வைத்துச் சொல்லும் வேகம். தண்ணீரில் நம் ஓட்டம் வேறு. அதற்குப் படகின் முன்முனையான முன்னணியத்தில் ஒரு மரச்சில்லைப் போட்டு, பின்முனையான பின்னணியத்தைத் தாண்டும் வரை விநாடி எண்ணுவேன். 18 அடிக்கு மூன்றரை விநாடி என்றால் சுமார் 3 நாட், அதாவது மணிக்கு 3 கடல் மைல். ஒருநாள் அப்படி எண்ணியபோது ஜிபிஎஸ் 2.3 காட்டியது. மிச்சம் எதிர் நீரோட்டம்.

காற்றின் திசை பார்க்க, பாய்மரத்தைத் தாங்கும் இரண்டு பக்கக் கம்பியிலும் பழைய கேசட் நாடாத் துண்டு கட்டியிருக்கிறேன். கையில் பிடிக்கும் காற்றுமானி ஒன்றும் உண்டு. அதில் தெரிவது படகின் ஓட்டமும் சேர்ந்த காற்று. 8 நாட் காற்றை எதிர்த்து 4 நாட்டில் போனால் ஏறக்குறைய 12 காட்டும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்போது 4தான். பின்காற்றில் சுகமாகப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் திணறுவோம். அதனால் சோளகம் என்கிற தென்காற்று கிளம்பும் மத்தியானங்களில் பின்காற்றில் 8 காட்டினாலே பாயைக் குறைத்துவிடுகிறேன்.

ஆழ அலாரத்தை ஒன்றரை மீட்டரில் வைத்திருக்கிறேன். போன வாரம் கரையிலிருக்கும் மனோரா கோபுரம் பக்கவாட்டில் தெரிந்தபோது அது கத்தியது. பலகையைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் பச்சைப் புல் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.