அம்மா சொல்லும் பனி

"ஏல, அங்க பனி பெய்யுதாம்லா? தலைல துண்டக் கட்டிட்டுப் போ."

டெல்லிக்கு வந்த முதல் டிசம்பரில் அம்மா போனில் சொன்னது இது. பாளையங்கோட்டையில் பனி என்றால் மார்கழி விடியலில் வாசல் கோலத்தை லேசாக நனைக்கும், பைக் சீட்டில் முத்து முத்தாக நிற்கும். கைக்குட்டையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். அந்த நினைப்போடுதான் 2017 நவம்பரில் முனீர்க்காவில் அறை எடுத்தேன். பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் போட்ட வண்டி எனக்கு மூன்று நாள் பின்னால் வந்து சேர்ந்தது. அதற்கு டெல்லி எண் வாங்கிய கதை தனி, இங்கே வேண்டாம்.

வேலை நொய்டாவில், காலை ஏழு மணி ஷிப்ட். ரிங் ரோடு, ஆசிரமம், அப்புறம் டிஎன்டி பாலத்தில் யமுனையைத் தாண்ட வேண்டும். டிசம்பர் நடுவில் ஒருநாள் தாண்டி முடித்ததும் டீக்கடையில் நிறுத்தினேன். பாக்கெட்டில் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறது, விரல் அதை எடுக்க மாட்டேன் என்கிறது. வளைந்த விரல்கள் கிளட்சைப் பிடித்த வாக்கிலேயே நின்றுவிட்டன. டீக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கி என் முன்னால் வைத்தார். காசு பற்றிப் பேசவே இல்லை.

காற்றே இல்லாத 5 டிகிரி காலைதான். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி மாதிரி. பைக்காரன் தனக்கான வாடையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான்.

மாடியில் குடியிருந்த சேலத்து அண்ணன் பார்சல் டெலிவரி செய்கிறவர், ஒன்பது குளிர்காலம் பார்த்தவர். நான் கடையில் விலை உயர்ந்த ஜாக்கெட் தேடிக்கொண்டிருந்தபோது, நேற்றைய பேப்பரை நாலாக மடித்து என் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செருகிவிட்டார். "நெஞ்சுல காத்து இறங்கக்கூடாது தம்பி, அவ்வளவுதான் சூத்திரம்." இந்திப் பேப்பர்தான், எனக்கு ஒரு எழுத்து தெரியாது. உபயோகமாக இருந்தது.

அவர் சொல்லித்தான் ஹேண்டில் கவரும் வாங்கினேன். உள்ளே ரோமத்துணி, வெளியே ரெக்சின். கைப்பிடியில் மாட்டினால் வண்டிக்கு யாரோ அரைக்கால் டவுசர் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். ஊரில் இதை மாட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் பின்னாலேயே பிள்ளைகள் ஓடிவரும். இங்கே போலீஸ்காரர் வண்டியிலும் இருக்கிறது. ஒரே தொல்லை, உள்ளே கையை விட்டால் ஸ்விட்ச் எதுவும் தெரியாது. இண்டிகேட்டர் போட நினைத்து ஹாரன் அடித்து, முதல் வாரம் நிறைய பேரிடம் திட்டு வாங்கினேன்.

குளிருக்கு இப்படி ஏதாவது உடுத்திக்கொள்ளலாம். மூடுபனிதான் என்னைத் தோற்கடித்தது.

மேகமில்லாமல் காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். வயல் ஈரமும் ஆற்று ஈரமும் தரையை ஒட்டிய குளிர்காற்றில் துளித்துளியாகத் தொங்கும். ஊர்ப் புகையும் தூசியும் அதற்குத் துணை. பஞ்சாபிலிருந்து பீகார் வரை ஒரே போர்வை. "விடிஞ்சா விலகிரும்" என்பது எங்க ஊர்க் கணக்கு. இங்கே பல நாள் விடிந்த பிறகுதான் இன்னும் கெட்டியாகும், முதல் வெயில் தரையில் கிடந்த ஈரத்தையும் கிளப்பிவிடுவதால். பார்வை 50 மீட்டருக்குக் கீழே போனால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்று சொல்லும். 60-இல் போகிறவனுக்கு 50 மீட்டர் என்பது மூன்றே விநாடி.

ஹெல்மெட் கண்ணாடியில் வெளியே பனித்துளி, உள்ளே நம் மூச்சு. காருக்கு வைப்பர் உண்டு, நமக்கு இடதுகை ஆள்காட்டி விரல்தான். கண்ணாடியைத் தூக்கினால் கண்ணில் நீர் கொட்டும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டுத் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும், எதிரே வெள்ளைச் சுவர். லோ பீம்தான் சரி. கார்க்காரர்கள் நாலு விளக்கையும் மின்னவிட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று அவர்கள் குலதெய்வத்துக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனீர்க்காத் தமிழர்கள் ஐந்து பேர் டெல்லிக்கு வடக்கே ஹரியானாவில் இருக்கும் மூர்த்தலுக்குப் பராத்தா சாப்பிடக் கிளம்பினோம். தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரில் தொடங்கி எங்க ஊரைத் தொட்டுக் கன்னியாகுமரியில் முடிகிற அதே சாலை. அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்கு ஒரு தைரியம் வரும். எதிர்த்திசையில் போகிறோம் என்பது வேறு விஷயம்.

சிங்கு எல்லை தாண்டியதும் சாலை காணாமல் போனது. முன்னால் ஒரு லாரியின் இரண்டு சிவப்பு விளக்கு மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று முடிவு செய்தோம், வரிசையாக, இருபது கிலோமீட்டர் வேகத்தில். சாமர்த்தியம் என்று அப்போது தோன்றியது. கொஞ்ச நேரத்தில் லாரி இடதுபுறம் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். லாரி நின்றது, நாங்களும் நின்றோம். பார்த்தால் குண்ட்லியில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் உள்முற்றம். வாட்ச்மேன் டார்ச் அடித்துக்கொண்டு வந்து ஐந்து ஹெல்மெட்டுகளையும் எண்ணினார். பீகார்க்காரர். திட்டவில்லை, மரப்பெட்டி உடைத்துப் போட்டிருந்த நெருப்புப் பக்கம் கையைக் காட்டினார். பத்து மணி வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். அந்த லாரி சாலையோரம் பிரேக்டவுன் ஆகி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். ஜெர்மனியில் பைக்குக்கு மாதம் போட்ட நம்பர் பிளேட்டே உண்டு. அவனுடையதன் வலது ஓரத்தில் 04, 10 என்று இருக்கிறது: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடலாம், வரியும் இன்சூரன்ஸும் அந்த ஏழு மாதத்துக்கு மட்டும். மிச்ச மாதங்களில் தெருவில் நிறுத்தி வைக்கக்கூட முடியாது. உறைபனிக்குச் சாலையில் உப்பு தூவுவார்களாம், அது செயினைத் தின்றுவிடும். டொரோண்டோவில் இருக்கும் மாமா மகனும் அப்படித்தான். நவம்பரில் டாங்கை நிரப்பி, பேட்டரியை சார்ஜரில் மாட்டி, கராஜில் வண்டிக்குப் போர்வை. பக்கத்து மாகாணம் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பைக்குக்கும் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

அங்கேயும் கிறுக்கர்கள் இல்லாமல் இல்லை. 1956-இல் தொடங்கிய 'யானைச் சந்திப்பு' என்று ஒன்று. ஜெர்மனியின் பவேரியக் காட்டில் கடுங்குளிரில் பைக்காரர்கள் கூடி, பனிமேல் வைக்கோல் பரப்பிக் கூடாரம் போடுவார்கள். 'பச்சை யானை' என்று பட்டப்பெயர் வாங்கிய பழைய சுண்டாப் பைக்கால் வந்த பெயர். நிறைய பேர் சைடுகார் மாட்டி வருவார்கள், மூன்று சக்கரம் வழுக்கினாலும் கவிழாது.

ஆனால் அது ஆசைக்கு ஓட்டுவது. "நீயும் நாலு மாசம் நிறுத்திர வேண்டியதுதானண்ணே?" என்று தம்பி கேட்டான். எனக்குச் சுலபம். எதிர்வீடு தெரியாத காலையில் நான் இப்போது மெஜந்தா லைன் மெட்ரோவில்தான் போகிறேன். சேலத்து அண்ணனுக்கு அது முடியாது. அதே காலையில் அவர் வண்டியில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு மாதமும் ஓடினால்தான் அவருக்கு வாடகை.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள் ஊரில். டெல்லியில் மாசியில் மத்தியான வெயிலுக்கு ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பழமொழிக்கு எல்லை விந்தியமலை போல.

போன டிசம்பரில் தம்பி வந்திருந்தான். மைனஸ் பத்து பார்த்தவன் என்ற மிதப்பில் வெறும் ஜாக்கெட்டோடு பின்னால் உட்கார்ந்தான். ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு விடியற்காலையில் போனோம், பத்து நிமிட தூரம்தான். இறங்கும்போது கால் மடங்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அங்க இந்தக் குளிர்ல பைக்கத் தொடவே மாட்டோம்ணே."

திரும்பிப் போகும்போது பெட்டியில் ஒரு செட் ஹேண்டில் கவர் வைத்துக்கொண்டான். பிளேட்டில் ஏப்ரல் என்று போட்டிருக்கிறதே, எதற்கு என்று கேட்டேன். ஏப்ரல் காலையும் குளிரும் என்றான்.