தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து புற்றுநோய்ப் பிரிவுக்கு வட்ஸ்அப் அனுப்பும்போது

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றுவது கண்டியில், பதுளையில், இல்லாவிட்டால் மகரகமவில். காய்ச்சல் வருவது தோட்டத்து லயத்தில். அப்போது முதலில் பார்ப்பவர் தோட்ட மருத்துவ உதவியாளர், அல்லது பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை டொக்டர். அவர் கையில் ஒரு போனும் நோயாளியின் கிளினிக் கொப்பியும்தான் இருக்கும்.

உடனே ஒரு செய்தி போகும்: "கீமோ எடுத்த அம்மாவுக்குக் காய்ச்சல். என்ன குடுக்கலாம் டொக்டர்?" இதை வைத்து எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எப்போது ஏற்றியது, என்ன மருந்து, எத்தனை டிகிரி என்று திருப்பிக் கேட்பார். அதையும் கிளினிக் கலைந்த பிறகு, பகல் இரண்டு மணிக்குத்தான் கேட்பார். காலை ஒன்பது மணிக் காய்ச்சலுக்கு அது பிந்திவிட்டது.

இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"பெண், 52. இடது மார்பு. ஏசி, 3ஆவது சைக்கிள், ஏற்றி இன்று 10ஆம் நாள். காலை 9.20க்கு 38.6. பிரஷர் 100/60, நாடி 118, ஒட்சிசன் 96. நேற்றிரவு 10 மணிக்குப் பெரசிட்டமோல் 1 கிராம். மருந்து ஒவ்வாமை இல்லை. டிக்கோயா வைத்தியசாலைக்கு அனுப்புகிறேன், 9.40க்கு வண்டி. அங்கே குறிப்பாக ஏதும் சொல்ல வேண்டுமா?"

(ஏசி என்பது மார்புப் புற்றுநோய்க்கு ஏற்றும் ஒரு கீமோ மருந்துச் சேர்க்கை.) இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஏற்றி எத்தனையாவது நாள் என்பது. பெரும்பாலான கீமோவில் 7 முதல் 14ஆம் நாளுக்குள்தான் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போய்விட்டால் சீழ் கட்டாமலும், நெஞ்சில் சளிச் சத்தம் கேட்காமலும் இருக்கலாம். பல வேளை காய்ச்சல் ஒன்றே அறிகுறி. 38.3 ஒரு தடவை காட்டினாலும், 38 ஒரு மணித்தியாலம் நின்றாலும் அது அவசரம்தான். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழியாக அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். இரண்டாவது, கடைசி வரி. அனுப்பும் முடிவை இங்கேயே எடுத்தாகிவிட்டது. பதில் வந்தால் நல்லது, வராவிட்டாலும் வண்டி நிற்காது. 1990 அம்பியூலன்ஸை அழைப்பதா, தோட்டத்து வண்டியா என்பதையும் பதிலுக்குக் காத்திருந்து யோசிக்கக்கூடாது.

வண்டி வரும்வரை டைக்ளோஃபெனாக் ஊசி போடாதீர்கள், பின்வழி மாத்திரையும் வைக்காதீர்கள். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டும். ஆசனவாயில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி உள்ளே போய்விடும். பெரசிட்டமோலை நேரத்துக்கு நேரம் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு "இப்போ குறைவு" என்று எழுதுவதும் ஆபத்து.

அடுத்தது, வாய்ப் புண்ணைப் போனில் எடுத்து அனுப்பும் படம். இலங்கையில் ஆண்களுக்கு முதலிடத்தில் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் தோட்டத்தில் எங்கும் உண்டு என்பதால் இந்தப் படங்கள் நிறையப் போகின்றன. பாதிக்கு மேல் பார்க்க முடியாத படங்கள். முதலில் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெற்றிலைக் கறை இருந்தால் சிவப்புத் திட்டு எது, கறை எது என்று தெரியாது. பல் செட் இருந்தால் கழற்றுங்கள். கன்னத்தை மரக் குச்சியால் ஒதுக்கி, போனை ஓர் அடி தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு சூம் பண்ணுங்கள். வாய்க்குள்ளே கொண்டுபோனால் போக்கஸ் பற்களில் போய் நிற்கும். கண் தெரியக்கூடாது. புண்ணை ஒன்று, அதே இடத்தை மறுபக்கத்தில் ஒன்று, இரண்டையும் டொகியுமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் சுருக்கிவிடும்.

படத்தில் தெரியாதவற்றை எழுத்தில் சொல்ல வேண்டும்: கையுறை போட்டுத் தொட்டால் ஓரம் கெட்டியாக இருக்கிறதா, கழுத்தில் கட்டி உண்டா, வாய் எத்தனை விரல் அகலத்துக்குத் திறக்கிறது, எத்தனை கிழமையாக ஆறவில்லை. இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண்ணுக்குப் படம் பார்த்து யாரும் முடிவு சொல்லப் போவதில்லை, சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சிதான் சொல்லும். அதனால் படம் முதலில் போக வேண்டியது வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு. இந்த ஒரு விஷயத்தில் ஆட்கள் வீணாக அலைவது அதிகம்.

புற்றுநோய்ப் பிரிவிலிருந்து தோட்டத்துக்கு வரும் செய்திகளும் ஒன்றும் குறைந்தவை அல்ல. கிளினிக் கார்டில் 3/52 என்றால் மூன்று கிழமை, 3/12 என்றால் மூன்று மாதம். கையெழுத்தைப் படம் எடுத்து, அதுவும் மங்கலாக அனுப்பினால், அடுத்த மருந்துக்கு மூன்று மாதம் கழித்துப் போகிற ஆளும் இருப்பார். திகதியைத் திகதியாகவே எழுதிவிட்டால் என்ன? கூடவே எந்த மருந்து சேராது என்பதையும் எழுதலாம். மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் மாத்திரை எடுப்பவருக்கு மனச்சோர்வு மருந்தான ஃபுளுவொக்செடின் வேண்டாம். கெப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வாஃபரினும் எடுத்தால் இரத்தம் உறையும் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபினோடு மலமிளக்கி கட்டாயம்.

வட்ஸ்அப் குரூப்பில் கார்டைப் படமாகப் போடுவதை நிறுத்துவது நல்லது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அத்தனை பேர் போனிலும் தானாகச் சேமிக்கப்படும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகை. கிளினிக் இலக்கம், வயது, பால் போதும். குரூப்பை விடவும் பிரிவுக்கென்று ஒரு போன் இருப்பது மேல். டொக்டர்மாருக்கு இடமாற்றம் வந்தால் சொந்த நம்பர் அவர்களோடு போய்விடும்.

பள்ளத்துத் தோட்டப் பிரிவுகளில் போன் சிக்னல் இழுபறி. பத்து நிமிடத்தில் செய்தி போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு சரிக் குறி விழாவிட்டால் அழையுங்கள். நீலச் சரி விழுந்தால் யாரோ திறந்தார் என்று மட்டும்தான் அர்த்தம். பதில் வந்ததும் யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிடுங்கள். இரவு டியூட்டி டொக்டர் பார்க்கப் போவது அந்தக் கொப்பியை, உங்கள் போனை அல்ல.

முதுகு வலியோடு கால் மரத்துப் போகிறது, சிறுநீர் போகவில்லை என்றால் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டாம். தண்டுவடம் நெரிபடுகிறதாக இருக்கலாம். அழையுங்கள், அழைத்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.