மூன்று தடவை கட்டுநாயக்கா, ஒரு உணரி

ரொக்கெட்டில் ஏற்றும் அகச்சிவப்பு ஒளிமானிக்கு, அதாவது ஒளியின் அளவை அளக்கும் கருவிக்கு, மேசையில் வைத்துச் சோதிக்கும் மாதிரி ஒன்று செய்வதுதான் என் முதுகலை வேலை. வரைபடம், கடைசல், கறுப்புப் பூச்சு எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தன. அப்புறம் அகச்சிவப்பு ஒளியை உணரும் ஒரு சின்ன இந்தியம் அன்டிமனைடு குறைகடத்தி உணரி மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது.

பார்சல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் கொழும்பு கோட்டையில் 187 பஸ் ஏறினேன். விலைப்பட்டியலில் "அகச்சிவப்பு உணரி" என்று இரண்டே சொல். சுங்கக் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இது இருட்டில பார்க்கிற கமராதானே? பாதுகாப்பு அனுமதி எங்க?" இது படமே எடுக்காது ஐயா, ஒரே ஒரு புள்ளிதான் என்றேன். "எழுத்தில கொண்டு வாங்க." இரண்டாம் தடவை துறைத்தலைவரின் கடிதத்தோடு போனேன், அதில் பார்சல் எண் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். களஞ்சியக் கூலி நாளுக்கு நாள் ஏறியது. மூன்றாம் தடவைதான் பெட்டி கைக்கு வந்தது.

ஓடர் போடும்போதே விற்பவரிடம் சொல்லி, "ஒற்றை உணரி, படம் எடுக்காது, ஆய்வுகூடப் பயன்பாட்டுக்கு" என்று விலைப்பட்டியலிலேயே எழுத வையுங்கள். கடிதத்தில் பார்சல் எண்ணும் மொடல் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும்.

இந்த உணரியைக் குளிர்விக்கத் திரவ நைதரசன் வேண்டும். அதை எடுத்து வரும்போது வாகனக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஒரு லீற்றர் ஆவியானால் ஏறத்தாழ 700 லீற்றர் வாயு. மூடிய காருக்குள் மூச்சு முட்டிவிடும்.

உணரியை -196 பாகை செல்சியஸுக்கு இறக்கியதும், அது இருக்கும் வெற்றிடக் கலத்தின் கண்ணாடி ஜன்னல் முழுக்க நீர் கோத்தது. கொழும்பு ஈரம் சும்மா விடாது. இரவு முழுக்க பம்ப் ஓடவிட்டு வெற்றிடத்தைச் சரிசெய்தேன். ஆவியாகி வெளியேறும் நைதரசனையே ஒரு குழாயால் ஜன்னல் மேல் ஊதவிட்டேன். கண்ணாடி தெளிந்தது.

சுற்றியுள்ள பொருட்களின் வெப்ப ஒளி உணரியில் படாமல் மறைக்கும் குளிர்த் தடுப்பை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். 2009இல் அமெரிக்காவின் வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்திலிருந்து ரொக்கெட்டில் ஏவப்பட்ட, விண்வெளியின் அகச்சிவப்புப் பின்னணி ஒளியை அளக்கும் சைபர் (CIBER) கருவியின் முதல் பறப்பில், காற்றில் உராய்ந்து சூடேறிய ரொக்கெட் உடலின் வெப்ப ஒளியே உள்ளே சிதறி அளவீட்டைக் கெடுத்தது. அடுத்த பறப்புக்கு நீளும் தடுப்புகள் பொருத்தினார்கள். மேலே கிடைப்பது சில நிமிடங்கள்தான். அங்கே போய்த் திருத்த முடியாது.

நேற்று மாலை ஜன்னல் முன்னால் வெறுங்கையை நீட்டினேன். அலைக்காட்டியில் கோடு துள்ளியது. கையை எடுத்தேன், படுத்தது. பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன்.

அடுத்து ஒரு ஒளி வடிகட்டி வரவேண்டும். விலைப்பட்டியல் வாசகத்தை நானே எழுதி இரவே அனுப்பிவிட்டேன்.