விசில் சாரும் என் வெள்ளைச் சப்பாத்தும்

நம் பள்ளி விளையாட்டு ஆசிரியர் விசில் சார் போய்விட்டார் என்று பழைய மாணவர்களான நம் வாட்சப் குழுவில் செய்தி வந்தபோது நான் மெல்பர்னில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அன்றைய கணக்குக்கு இன்னும் எத்தனை காலடி பாக்கி என்று எண்ணியபடி நடந்துகொண்டிருந்தேன்.

மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நடந்த நம் பள்ளிக் குறுக்கோட்டப் போட்டியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறாம் வகுப்பில் நான் இருந்த பருமனுக்கு தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அப்படியே ரப்பர் நிரைக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டேன். ஓடையில் இறங்கி ஏறித் திரும்பி வந்த கூட்டத்தோடு சேர்ந்து ஓடினேன், பார்த்தால் நாலாவது இடம்! சத்தியமாக அவ்வளவு முன்னால் வர நினைக்கவில்லை.

மறுநாள் பள்ளிச் சபைகூடலில் சார் முதல் பத்துப் பேரையும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒன்பது ஜோடியில் செம்மண். என்னுடையது மல்லிகைப்பூ. சார் ஒரு வார்த்தை பேசவில்லை, பள்ளியே சிரித்தது, தோட்டத்து எழுத்தரான கிராணியின் மகள் உட்பட. பிள்ளைகளை அவமானப்படுத்தி ஓட வைக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன், அதில் அவரை நான் முழுசாக மன்னிக்கவில்லை.

ஆனால் அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் வந்து நின்றார். "ஓட வேணாம்டா, நட." வருஷ முடிவு வரை நடந்தோம். "பக்கத்துல தாப்பாவுல பொறந்த ராஜாமணி, 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுல 400 மீட்டர் தங்கம். அந்தப் பிள்ளைக்கு என்ன ரெக்கையா இருந்துச்சு?" என்பார். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடியோட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது. நமக்கு அது பள்ளி விட்டு இருட்டுவதற்குள் கணக்கில்லாமல் கிடைத்தது. என் மகனை இரண்டு தெரு தள்ளியிருக்கும் நீச்சல் வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன்.

நடை முடிந்ததும் கடையில் சாருக்கு இரண்டு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய இனிப்புத் தேநீர், பால் தூக்கலாக. அந்த இனிப்புதானோ என்னவோ, பிற்காலத்தில் அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) வந்து முதலில் கால்விரல், அப்புறம் காலே போனது.

2015-இல் ஊருக்குப் போனபோது தோட்டம் முழுக்கச் செம்பனை, நம் லயம் இருந்த இடமே தெரியவில்லை. சார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். "அங்கேயே இருந்துடுவியாடா?" என்றார். சிரித்து மழுப்பினேன். "நடக்கிறியா?"

"தினமும் சார்." அப்போது இந்தக் கடிகாரமெல்லாம் வாங்கியிருக்கவில்லை.

அவர் மெல்லக் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார்.