நாற்காலியில் சாய்வதற்கு முன் சொல்ல வேண்டியவை

எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் வயதானவர்கள் பல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் உடன் வந்த மகனோ மருமகளோதான் பேசுகிறார்கள். வலிக்கிற பல்லை விரலால் தொட்டுக் காட்டுவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது. "வேறு ஏதாவது நோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்டால், "சர்க்கரை மட்டும்தான், அதுவும் கட்டுக்குள் இருக்கிறது" என்பதே வழக்கமான பதில். என் அப்பத்தாவைப் பல ஆண்டுகளாக அழைத்துச் சென்று வருகிற எனக்கு, பல் சிகிச்சையின் பாதுகாப்பு ஊசியிலும் கருவியிலும் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு நாம் தரும் பதிலில் தொடங்கிவிடுகிறது என்பதில் ஐயமே இல்லை.

இதயத்துக்கு மதுரையில் ஒருவர், சர்க்கரைக்குக் காரைக்குடியில் ஒருவர், மூட்டுக்குத் திருச்சியில் ஒருவர் என்று காட்டிவருவதால், ஒவ்வொரு மருத்துவரிடமும் நம் உடம்பைப் பற்றிய ஒரு துண்டுச் செய்திதான் இருக்கிறது. அத்தனையையும் ஒன்றாக அறிந்தவர் நோயாளி ஒருவரே. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்காக விழுங்கிப் பழகியவர்களுக்கு அவை சொல்லத்தக்க செய்தியாகவே தோன்றுவதில்லை. இன்னும் சிலர், பல் பிடுங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் தாமாகவே நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லாமல் விடுவதைவிட இது ஆபத்தானது. பல் குழியில் கசியும் இரத்தத்தை அழுத்தியோ தையல் போட்டோ பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் பொருத்திய இதயக் குழாயில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே கேடு. வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்து பார்ப்பதும், மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று இரு மருத்துவர்களும் கலந்து முடிவெடுப்பதும்தான் முறை.

எலும்புத் தேய்மானத்துக்கான மருந்துகளை மறப்பவர்கள் இன்னும் அதிகம். அலென்ட்ரோனேட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, சோலெட்ரோனிக் அமில ஊசி ஆண்டுக்கு ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் இம்மருந்துகளை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் பட்டுப்போவது உண்டு. அரிதுதான் என்றாலும், முன்பே தெரிந்தால் மருத்துவர் பிடுங்குவதைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பார். செயற்கை இதய வால்வு, பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

கொண்டுவிற்கப் போன தேசத்திலெல்லாம் பேரேடு எழுதி, ஐந்தொகை பார்த்து வாழ்ந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தக் கவனத்தில் சிறு பங்கு உடம்புக்கும் வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நோய், செய்துகொண்ட அறுவை சிகிச்சை, கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தால், யார் உடன் வந்தாலும் வராவிட்டாலும் குழப்பமில்லை. அப்பத்தாவின் தாளை நான் எழுதினேன்; மருத்துவரிடம் நீட்டுவது அவர்தான்.

பல் பிடுங்குவதென்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சாதாரணச் சிகிச்சைக்கு அது தேவையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினியாகப் போகிறவர், சர்க்கரை தாழ்ந்து அங்கேயே மயங்கி விழக்கூடும்.

கேள்வி கேட்டால் மருத்துவரை மதிக்காததாகிவிடும் என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து, 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடம் அழுத்தத்தோடு சூடேற்றினால் கிருமிகள் முற்றாக அழியும். அப்படிச் செய்த உறையின் மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கும். அந்த உறையை என் முன்னால் பிரியுங்கள் என்று பணிவாகக் கேட்பதில் குற்றமில்லை. சிகிச்சை செய்பவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதும் நம் உரிமை.

வேர் சிகிச்சையில் (ரூட் கேனல்) நோயாளிகள் செய்யும் கேடு வேறு விதமானது. முதல் அமர்விலேயே வலி போய்விடுவதால், முகூர்த்தமோ முன்னோருக்கான படைப்போ வந்தால் அடுத்த அமர்வைத் தள்ளிப்போட்டு, பிறகு மறந்தே விடுகிறார்கள். தற்காலிகமாக அடைத்தது சில வாரங்களே தாங்கும். அது கசிந்தால் கிருமி மீண்டும் வேருக்குள் இறங்கும், மூடி போடாத கடைவாய்ப் பல்லோ ஒரு சீப்புச் சீடையைக் கடித்ததும் பிளந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் விடுமுறையில் வருகிற உறவினர்கள் அதற்குள் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல், முழுவதையும் முடித்துத் தரச் சொல்லி மருத்துவரை நெருக்குவதையும் பார்க்கிறேன். திருகு எலும்போடு இணையப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அந்தக் காலத்தைப் பணம் கொடுத்துச் சுருக்க முடியாது.

பல் பிடுங்கிய பின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பஞ்சைக் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் முழுவதும் துப்பவோ வாய் கொப்பளிக்கவோ கூடாது. குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால், ஓரிரு நாளில் காதுவரை ஏறும் கடுமையான வலி வரும். புகைப்பவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு கூடுதல். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லி, வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, வாயை முழுவதும் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.