பிக்கப்பைத் தூக்கணுமா? முதலில் சைலன்சரை இறக்குங்க

மண்டபம் பக்கம் மீன் லோடு அடிக்கிறவர்களுக்குத் தெரியும், ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு கடற்கரை மணலில் இறங்கினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, சைலன்சர் மணலை உழுதுகொண்டே வரும். அதற்காகத்தான் நீள ஷாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் தகடு), கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை, அதை ஆக்சிலோடு கட்டும் புது யூ போல்ட் எல்லாம் சேர்த்து ஒரு செட் வாங்கினேன். (ஷாக்கிள் 2 இன்ச் கூடினால் வண்டியும் 2 இன்ச் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஏறுவது ஏறக்குறைய 1 இன்ச்தான்.) விற்றவர் "சைலன்சரைத் தொடவே வேண்டாம் தம்பி, கழற்றி மாட்டுறதுதான்" என்றார். உப்புக்காற்றில் நின்ற வண்டிக்கு அடியில் அவர் ஒருநாளாவது படுத்திருப்பாரா!

சைலன்சர் இல்லாத பக்கம் சரசரவென்று முடிந்தது. மறுபக்கம்தான் உயிரை வாங்கியது. ஷாக்கிள் போல்ட்டின் தலை உள்பக்கம் இருக்கிறது, அதனால் உள்பக்கமாகத்தான் உருவ வேண்டும். பாதி வந்ததும் சைலன்சர் பைப்பில் முட்டி நின்றுவிட்டது. போதாக்குறைக்கு மீன் பெட்டித் தண்ணீர் வருஷக்கணக்கில் வழிந்து, போல்ட்டும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் துருவில் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. மெக்கானிக் அண்ணன் கேஸ் வைத்துச் சூடுகாட்டலாம் என்றார். டீசல் டேங்க் அங்கேயே இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

சைலன்சரை இறக்கிவிடலாம் என்று முடிவானது. அதைத் தாங்குகிற தொங்கு ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் பழைய ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்ததால் கையோடு பிய்ந்து வந்தது. ராமநாதபுரம் போய்க் கேட்டால் "எல்லா வண்டிக்கும் இதேதான்" என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். ஓட்டை சின்னது, கம்பி நுழையவே இல்லை, போன டீசல் காசு வீண். கடைசியில் மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்கினேன். ரப்பரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பைப் இறங்கியதும் கிரைண்டர் நுழைய இடம் கிடைத்தது. டேங்க்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, போல்ட்டை அறுத்தே எடுத்தோம். புது போல்ட்டை வெளிப்பக்கமிருந்து விட்டு நட்டை உள்ளே வைத்தோம், அடுத்த முறை பைப்பைத் தொடாமலே உருவலாம். ஆனால் நீள ஷாக்கிளின் உள்தகடு ஆடும்போது பைப்பில் டக் டக்கென்று இடித்தது, அதற்காகத் தொங்கு கம்பியை வெட்டி ஒரு விரல்கடை தள்ளி வெல்டு வைத்தோம். வெல்டுக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள். புஷ்ஷுக்கும் பைப்புக்கும் இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் புது ரப்பரும் வெந்துபோகும்.

அப்புறம் ஷாக்கிள் நட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான், தொங்கும்போது முறுக்கினால் புஷ் முறுகிக் கிழியும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே போடாதீர்கள், புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்குங்கள். பின்பக்க ஆக்சில் ஹவுசிங்கிலிருந்து பிரேக் வால்வுக்குப் போகும் கம்பி உள்ள வண்டியானால் அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் உயர்ந்திருப்பதால் லோடே இல்லை என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எப்சி (தகுதிச் சான்று) நெருங்குகிறவர்கள் ஆர்டிஓவில் கேட்டுவிட்டு உயர்த்துங்கள்.